பாதியில் நின்ற அப்கிரேட்: திருத்துவதா, திரும்புவதா, புதிதாகக் கட்டுவதா?

உபுண்டு என்ற சேர்வர் இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. கொரோனா ஊரடங்கில் வகுப்புகளும் கடைகளும் அவசரம் அவசரமாக ஒன்லைனுக்குப் போன நேரத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எடுத்த சின்னச் சின்னக் கிளவுட் சேர்வர்கள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. அவற்றை 22.04க்கோ 24.04க்கோ கொண்டுபோக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஒரு நாள் இரவு கட்டளையைக் கொடுக்கிறோம், நடுவழியில் நின்றுவிடுகிறது. அல்லது எல்லாம் முடிந்தது என்று சொல்லி ரீபூட் கேட்கிறது. ரீபூட் செய்த பிறகு சேர்வரைக் காணோம்.

அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. அதே இடத்தில் திருத்துவது, ஸ்னாப்ஷொட்டுக்கு (முன்பு எடுத்துவைத்த டிஸ்க் நகலுக்கு) திரும்புவது, பக்கத்தில் புதிய சேர்வர் கட்டி அதற்கு மாறுவது, இப்போதைக்குப் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்வது. என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன்: திருத்தும் வேலையைத் தரவை வெளியே எடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தொடர்ந்து ஓடுவதற்குப் புதிய சேர்வர்தான் நல்லது. எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் இது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

முதலில், அது உண்மையிலேயே விழுந்துவிட்டதா?

வழியைத் தெரிவு செய்ய முன்னர் பத்து நிமிடம் இதற்குக் கொடுங்கள். உள்ளே போக முடியாத சேர்வர் எல்லாம் செத்த சேர்வர் அல்ல.

தூரத்தில் இருந்து சேர்வருக்குள் போகப் பாவிக்கும் எஸ்எஸ்எச் என்ன பதில் தருகிறது என்று கவனியுங்கள். பதிலே இல்லாமல் இழுத்துக்கொண்டு போய் நேரம் முடிந்தது என்றால், ஒன்று நெட்வேர்க் எழும்பவில்லை, அல்லது நடுவில் பயர்வோல் தடுக்கிறது. உடனே ‘மறுக்கப்பட்டது’ என்று வந்தால் பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, எஸ்எஸ்எச் சேவை மட்டும் ஓடவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் எஸ்எஸ்எச்சும் நன்றாக இருக்கிறது, சிக்கல் உள்ளே போகப் பாவிக்கும் சாவிக் கோப்பில்.

முதலாவது வகையில் நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது இது. கிளவுட் பயர்வோலில் வீட்டு ஐபி முகவரிக்கு மட்டும் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறந்து வைத்திருப்போம். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் வேறு ஐபியோடு எழும்பும். அல்லது பொறுமை இல்லாமல் போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறியிருப்போம். சேர்வர் தன் பாட்டில் அப்கிரேட்டைச் செய்துகொண்டிருக்கும், நாம் வெளியே நின்றுகொண்டு அது செத்துவிட்டது என்று ரீபூட் பொத்தானை அழுத்தப் பார்ப்போம். அதுதான் ஆகப் பெரிய கேடு. பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) மாற்றிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நடுவில் வெட்டினால் பொய்ச் சாவு நிஜச் சாவாகிவிடும். உபுண்டுவின் அப்கிரேட் கருவி எஸ்எஸ்எச் வழியே ஓடும்போது ஸ்கிரீன் அமர்வுக்குள்தான் ஓடுகிறது. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. திரும்ப உள்ளே போய் அதே கட்டளையைக் கொடுத்தால், விட்ட இடத்தில் கொண்டுபோய் விடும். 1022ஆம் போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச்சையும் அது அவசரத்துக்குத் திறந்து வைக்கிறது. ஆனால் கிளவுட் பயர்வோலில் அந்தப் போர்ட்டை நாம்தான் முன்கூட்டித் திறக்க வேண்டும்.

சாவிச் சிக்கலும் இப்படியே ஏமாற்றும். 22.04இல் வரும் எஸ்எஸ்எச், எஸ்எச்ஏ-1 கையொப்பத்தோடு வரும் பழைய ஆர்எஸ்ஏ முறையை ஏற்பதில்லை. பல வருடத்துக்கு முன் இறக்கிய புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளை இன்னும் பாவிப்பவர்களுக்கு, அப்கிரேட் சரியாக முடிந்த சேர்வர்கூட ‘சாவி செல்லாது’ என்று சொல்லும். புட்டி 0.75க்குப் பிந்திய பதிப்பை இறக்கினால் அதே சாவியோடு உள்ளே போய்விடலாம்.

இவை எதுவும் இல்லை, உண்மையிலேயே உடைந்துதான் போயிருக்கிறது என்று உறுதியான பிறகு தெரிவுக்கு வருவோம்.

அதே இடத்தில் திருத்துவது

இதன் கவர்ச்சி விளங்குகிறது. ஐபி மாறாது, டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவை) தொட வேண்டியதில்லை, வேறு யாருக்கும் சொல்லவும் தேவையில்லை. எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்து வேலை அரை மணித்தியாலமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம். ஆகவே லொக் (நடந்தவற்றின் பதிவு) அடைவுக்குள் டிஸ்ட்-அப்கிரேட் என்று இருக்கும் அடைவைத்தான் முதலில் திறக்க வேண்டும். அதில் உள்ள ஆப்ட்-டேர்ம் லொக்கின் கடைசி ஐம்பது வரிகள் பெரும்பாலும் விடையைச் சொல்லிவிடும்.

பொதிகளை நிறுவும் கட்டத்தில் நின்றிருந்தால் நல்ல செய்தி. அனேகமாகக் காரணம் இடப் பற்றாக்குறை, அல்லது நினைவகப் பற்றாக்குறை. அமேசன் கிளவுட்டில் உபுண்டு சேர்வர் எடுக்கும்போது மாற்றாமல் விட்டால் டிஸ்க் 8 ஜிபிதான். அதற்குள் மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தளம் தன் பைனரி லொக்குகளை (மாற்றங்களின் பதிவுகளை) 30 நாள் வரை சேர்த்து வைக்கும். அது அந்தப் பதிப்பின் இயல்புநிலை. ஜேர்னல் லொக்கும் பழைய கேர்னல்களும் மிச்சத்தைத் தின்றிருக்கும். மைஎஸ்க்யூஎல் ஓடினால் அதன் உள்ளிருந்தே பைனரி லொக்கைச் சுத்தம் செய்யுங்கள், கோப்பைக் கையால் அழிக்காதீர்கள். 512 எம்பி, 1 ஜிபி நினைவக இயந்திரம் என்றால் ஒரு ஸ்வொப் கோப்பை (நினைவகத்துக்குக் கைகொடுக்கும் டிஸ்க் கோப்பை) போடுங்கள். அப்புறம் பொதிகளை நிறுவும் கருவிகளான டிபிகேஜி, ஆப்ட் இரண்டில், டிபிகேஜியிடம் மிச்சமிருக்கும் எல்லாப் பொதிகளையும் கட்டமைக்கச் சொல்லி, ஆப்ட்டிடம் உடைந்தவற்றைச் சரிசெய்யச் சொன்னால் பல நேரம் ஓடிவிடும்.

நடுவில் அமைப்புக் கோப்பை மாற்றவா, வைத்திருக்கவா என்று கேட்கும். நாம் கைவைத்த கோப்பு என்றால் பழையதையே வைத்திருக்கச் சொல்லுங்கள். புதியது பக்கத்தில் வேறு பெயரில் கிடக்கும், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைசியில் ‘தேவையற்ற பொதிகளை நீக்கவா’ என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வது எப்போதும் நல்லது. குறிப்பாக போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடும் சேர்வரில். 20.04இல் இருந்தது 12ஆம் பதிப்பு, 22.04இல் வருவது 14. தரவு தானாக இடம் மாறாது. பழையது 5432ஆம் போர்ட்டில் இருக்க, புதியது 5433இல் வெறுமையாக எழும்பும். பழைய பொதியை நீக்கிவிட்டால், தரவுக் கோப்பு இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லாத நிலை வந்துவிடும்.

பூட் கட்டத்தில் உடைந்திருந்தால் கதை வேறு. கொன்சோலில், இயங்குதளத்தை எழுப்பும் க்ரப்பின் மீட்புத் திரை, ஏதோ ஒரு சின்னம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கும். டிஸ்க்கின் தலைப்பகுதியில் பழைய க்ரப், பூட் அடைவுக்குள் புதிய க்ரப்பின் துண்டுகள். இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது இது. கிளவுட் இமேஜ் செய்த இடத்தில் டிஸ்க்குக்கு ஒரு பெயர், நம் இயந்திரத்தில் இன்னொரு பெயர் என்பதால் அப்கிரேட் கருவி க்ரப்பைச் சரியான டிஸ்க்கில் எழுதாமல் விட்டிருக்கும். சேர்வரை நிறுத்தி, அதன் மூல டிஸ்க்கைக் கழற்றி, அதே வலயத்தில் உள்ள இன்னொரு சேர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்ட வேண்டும். அதை மவுண்ட் செய்து, சீஎச்ரூட் கட்டளை மூலம் அந்த டிஸ்க்கின் அமைப்புக்குள் போய், க்ரப்பை முழு டிஸ்க்குக்கும் எழுத வேண்டும், பகுதிக்கு அல்ல. பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் தொடக்கத்தில் ஏறும் கோப்பை) மறுபடி உருவாக்க வேண்டும். அங்கே நிற்கும்போதே, எந்த டிஸ்க்குகளை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பையும் பாருங்கள். எப்போதோ கழற்றிய டிஸ்க் ஒன்றின் வரி இன்னும் இருந்தால், அந்த ஒரு வரியே இயந்திரத்தை அவசரநிலையில் நிறுத்திவிடும். அமேசனில் சீரியல் கொன்சோல் உண்டுதான். ஆனால் பாஸ்வேர்ட் வைத்த பயனர் ஒருவர் முன்கூட்டியே இல்லாவிட்டால் லொகின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், உள்ளே போக முடியாது.

இவ்வளவும் செய்து பூட் ஆன பிறகும் வேலை முடிவதில்லை. நிரல் மொழிகளில் பிஎச்பி 7.4 போய் 8.1 வந்திருக்கும், பைதன் 3.8 போய் 3.10 வந்திருக்கும். பழைய பைதன் சூழல்கள் எல்லாம் திரும்பக் கட்டப்பட வேண்டும். வெளியார் களஞ்சியங்களில் இருந்து போட்ட பொதிகள் அப்கிரேட்டின்போது முடக்கப்பட்டிருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் 1.1ஐ நம்பிய பழைய மென்பொருள்கள் எழும்பாது. அதன் பிறகும் நீங்கள் நிற்பது 22.04இல், 20.04இல் இருந்து 24.04க்கு நேரே தாவ முடியாது. அதே ஆபத்தை இன்னொரு முறை கடக்க வேண்டும்.

இதனால்தான் திருத்தும் வழிக்கு ஒரு எல்லை வைக்கச் சொல்கிறேன். பொதிக் கட்டத்தில் நின்றது என்றால் திருத்தி முடியுங்கள். பூட் கட்டத்தில் நின்றது என்றால், டிஸ்க்கை இன்னொரு சேர்வரில் மாட்டிய அந்த நிமிடத்திலேயே உங்கள் தரவு கையில் வந்துவிட்டது. க்ரப்போடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் தரவை எடுத்துக்கொண்டு வெளியேறலாம்.

ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்புவது

அப்கிரேட்டுக்கு முன் ஸ்னாப்ஷொட் எடுத்திருந்தால் ஆக வேகமான வழி இதுதான். ஆனால் அது எடுத்த நிமிடத்துக்குப் பிறகு எழுதப்பட்ட எதுவும் திரும்பி வராது. இரவு பத்து மணிக்கு எடுத்து, பத்தரைக்குத் தொடங்கி, பதினொன்றுக்கு உடைந்து, அதுவரை யாரும் உள்ளே எதுவும் எழுதாமல் இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. அப்கிரேட் ‘வெற்றி’ என்று முடிந்து, இரண்டு நாள் வியாபாரமும் நடந்து, மூன்றாம் நாள்தான் ரசீது அச்சாகவில்லை என்று தெரியவருகிறது என்றால் ஸ்னாப்ஷொட் தீர்வல்ல. அந்த இரண்டு நாள் பதிவுகளை முதலில் டம்ப் (தரவுத்தளத்தின் ஏற்றுமதி நகல்) எடுத்தே ஆக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் எடுத்த ஸ்னாப்ஷொட், கரண்ட் திடீரென்று போன நேரத்து டிஸ்க்கின் நிலைக்குச் சமம். தரவுத்தளம் பெரும்பாலும் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும், ஆனாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. தனியாக ஒரு தரவுத்தள டம்ப்பும், முடிந்தால் சேவையை நிறுத்திவிட்டு எடுத்த ஸ்னாப்ஷொட்டும் வேண்டும். அமேசனில் ஸ்னாப்ஷொட்டில் இருந்து செய்த டிஸ்க் முதல் தடவை வாசிக்கும்போது மெதுவாகத்தான் தரும், தேவைப்படும் துண்டுகளை அந்தந்த நேரத்தில்தான் கொண்டுவருகிறது. மீட்டவுடன் தளம் இழுபட்டால் பயப்பட வேண்டாம்.

திரும்பிய பிறகு நீங்கள் இருப்பது தொடங்கிய இடம். அப்கிரேட் ஏன் உடைந்தது என்று தெரியாமல் மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் அதே இடத்தில் உடையும். ஆகவே திரும்புவதற்கு முன் உடைந்த டிஸ்க்கில் இருந்து அந்த லொக் அடைவை மட்டுமாவது நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் புதிய சேர்வர்

24.04இல் புதிய சேர்வர் ஒன்றை எடுத்து, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே இதில் எல்லாவற்றையும் நிறுவி, சோதித்து, சரி என்று பட்ட நாளில் மாறுவது. இரண்டு படித் தாவல் தேவையில்லை. 24.04க்கு 2029 வரை வழமையான ஆதரவு உண்டு. பிழைத்துப்போனால் பழையது அப்படியே இருக்கிறது. சில நாள் இரண்டு சேர்வருக்கும் டொலரில் கட்ட வேண்டிவரும். மணித்தியாலக் கணக்கில் அறவிடுவதால் அது சின்னத் தொகைதான், ஒரு நாள் வியாபாரம் நிற்பதோடு ஒப்பிட்டால் பேசவே தேவையில்லை.

மாறும் முறை எளிது. டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முதல் நாளே 300 விநாடிக்குக் குறையுங்கள். பழையதில் ஒதுக்கிய நிலையான ஐபி இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்டினாலே போதும், டிஎன்எஸ்ஸைத் தொடவே வேண்டாம். கோப்புகளை ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கருவியால் முதல் நாளே கொண்டுபோய் வைத்து, மாறும் நேரத்தில் வித்தியாசத்தை மட்டும் மறுபடி அனுப்பலாம். பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசி டம்ப்பை எடுத்து, புதியதில் ஏற்றி, ஐபியை மாற்றுவது. சிறிய தளம் என்றால் நிறுத்தம் அரை மணித்தியாலத்தைத் தாண்டாது.

இதன் பலவீனம் மறதிதான். ஐந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்த மாற்றங்கள் எதுவும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. கிரொன் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலைகள், எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலை, மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பு எல்லாம் விடுபடும். நமக்கென்றே மூன்று உண்டு. முதலாவது நேர வலயம். புதிய கிளவுட் சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழும்பும், இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். மாற்றாமல் விட்டால் காலை 5.30க்கு முன் போட்ட பில்லில் முதல் நாள் திகதி விழும். இரண்டாவது தமிழ் எழுத்துரு. அது நிறுவப்படாத சேர்வர், பிடிஎஃப் ரசீதில் பெயர் வர வேண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாக அச்சிடும். மூன்றாவது எழுத்துக் குறிமுறை. டம்ப் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் யூடிஎஃப்8எம்பி4 என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பெயரெல்லாம் வாசிக்க முடியாத குப்பையாகிவிடக்கூடும். மாறும் முன் தமிழ்ப் பெயர் உள்ள ஒரு பில்லைத் திறந்து அச்சிட்டுப் பார்ப்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன்.

இருப்பதிலேயே இருப்பது

பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. உபுண்டு ப்ரோ என்ற நீட்டித்த ஆதரவுச் சேவையில் சேர்ந்தால் 20.04க்கு 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஐந்து இயந்திரங்கள் வரை இலவசம். ஒரு டோக்கனை எடுத்து ஒரு கட்டளையில் இணைத்துவிடலாம், சில நிமிட வேலை. மென்பொருள் பதிப்புகள் பழையதாகவே இருக்கும், ஓட்டைகள் மட்டும் அடைபடும். அவகாசம் வாங்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

யாருக்கு எது

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையை எடுத்துக்கொள்வோம். எடை, கொள்வனவு, பில் எல்லாம் சேர்வரில். பெரும்போக அறுவடை நெல் பெப்ரவரி, மார்ச்சில் வந்து குவியும்போது, “தம்பி, லொறி வந்து நிக்குது, பில் அடிக்க ஏலாம இருக்கு” என்று போன் வந்தால், “ஹாஜியார், இண்டைக்கு மட்டும் கையால எழுதுங்க” என்று ஒரு முறைதான் சொல்லலாம். அங்கே நிமிடத்துக்கு நிமிடம் புதிய பதிவு விழுகிறது, ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்புவது என்றால் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய காசின் கணக்கே போய்விடும். அறுவடை முடியும் வரை உபுண்டு ப்ரோ, முடிந்து சிறுபோக நெல் வருவதற்கு இடையில் புதிய சேர்வர். அறுவடை நடுவில் யாரோ அப்கிரேட்டைத் தொடங்கி உடைத்துவிட்டால் மட்டும், டிஸ்க்கைக் கழற்றித் தரவை எடுத்து அன்றே புதியதில் ஏற்ற வேண்டும்.

பாசிக்குடாவில் விருந்தினர் விடுதி நடத்துபவரின் தளம் இதற்கு எதிர். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் கூட்டம். மழை மாதங்களில் இரவு நேரம் யாரும் எழுதாத தளத்தில் ஸ்னாப்ஷொட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் அப்கிரேட் செய்யலாம், உடைந்தால் திரும்பலாம். பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

கல்லடியில் மூடுல் என்ற ஒன்லைன் வகுப்பு மென்பொருளை வைத்து உயர்தர வகுப்பு நடத்தும் கல்வி நிலையத்துக்குத்தான் உண்மையான சிக்கல். மூடுல் 3.9 பிஎச்பி 7.4 வரைதான் ஏற்கும், 22.04இல் வருவது 8.1. இயங்குதளத்தை முதலில் உயர்த்தினால் மூடுல் எழும்பாது. கடைசி மூடுலை முதலில் போட நினைத்தால் அதற்கு 20.04இன் பிஎச்பி போதாது. நடுவில் மூடுல் 4.1 இருக்கிறது; 7.4, 8.1 இரண்டிலும் அது ஓடும், 3.9இல் இருந்து நேரே வரலாம். ஆகவே பழைய சேர்வரிலேயே முதலில் மூடுலை 4.1க்குக் கொண்டுவந்து, ஒரு வாரம் மாணவர்கள் பாவிக்கட்டும். பிறகு அதை 22.04 போட்ட புதிய சேர்வருக்கு மாற்றி, அங்கே 4.5க்கு உயர்த்தலாம். 24.04இல் பிஎச்பி 8.3, அதை 4.1 ஏற்காது, அங்கே போக விரும்பினால் 4.5 ஆன பிறகு போகலாம். பதிவேற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்தரவு அடைவு தரவுத்தளத்துக்கு வெளியே இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்து நகலாக இருக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

மாறி முடிந்த பிறகு பழைய சேர்வரை நிறுத்தி வையுங்கள், உடனே அழிக்க வேண்டாம். நிறுத்தி வைத்தாலும் டிஸ்க்குக்குக் காசு அறவிடப்படும். டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களில் நிறுத்திய சேர்வருக்கே முழுக் கட்டணம் விழும், அங்கே ஸ்னாப்ஷொட் எடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். அந்த மாதத்துக் கணக்கு முடித்து, கணக்காளர் ஒரு முறை பழைய பில்களைத் தேடிப் பார்த்து எல்லாம் இருக்கிறது என்று சொன்ன பிறகு, கடைசி டம்ப் ஒன்றை வேறு இடத்தில் வைத்துவிட்டு அழித்துவிடலாம்.